பக்கத்து மனையில் அடுக்குமாடி வருகிறதா? மண் கொட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

கடலூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், கூட வரும் பெரியவர்கள் அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் "மழைக்குத் தண்ணி நிக்குமா?" என்றுதான் கேட்பார்கள். தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு, பரவனாறு எல்லாம் கடலைத் தேடி வந்து சேரும் ஊர். 2015 மழையில் பட்டோம். 2024 டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டபோது தென்பெண்ணைக் கரையில் இருந்தவர்கள் மறுபடியும் பட்டார்கள். அதனால் பக்கத்து மனையில் புதிதாக ஏதோ கட்டப்போகிறார்கள் என்று தெரிந்தால் நிழல், காற்று, டிராஃபிக் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி வருகிறது. இதுவரை அந்த மனை வழியாகப் போன தண்ணீர் இனி எங்கே போகும்?

எங்கள் நகரின் கிழக்கு ஓரத்தில் இரண்டு ஏக்கர் அளவுக்குக் காலி இடம் இருந்தது. ஒரு தை மாதம் சர்வே கல் நட்டார்கள். சித்திரையில் டிப்பர் லாரிகள் வந்து கிராவல் கொட்டின. நாங்கள் பேசிப் பேசிக் கடைசியில் ஆவணியில்தான் கூட்டம் போட்டோம். ஐப்பசியில் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. கல் நட்ட தையிலேயே இறங்கியிருந்தால் பாதி வேலை காகிதத்தோடு முடிந்திருக்கும். நாலடி உயரத்துக்கு மண் கொட்டிய பிறகு "இங்கே வாய்க்கால் இருந்தது" என்று சொன்னால், அளக்க வருகிறவருக்குக் காட்ட வாய்க்காலே இருக்காது.

அந்த அனுபவத்தில் கற்றதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே: "கட்டவே கூடாது" என்று ஆரம்பித்தால் எந்த அலுவலகத்திலும் காது கொடுக்க மாட்டார்கள். பட்டா நிலத்தில் விதிப்படி கட்ட உரிமையாளருக்கு உரிமை உண்டு. விதிப்படிதான் கட்டுகிறாரா, வாய்க்கால் வாய்க்காலாக இருக்கிறதா என்று கேட்க நமக்கும் உரிமை உண்டு. அந்த இடத்தில் நின்று பேசினால்தான் எடுபடும்.

முதல் வேலை: உங்கள் சொந்தப் பத்திரத்தை எடுங்கள்

டீக்கடையில் "பன்னிரண்டு மாடியாம்", "மாலாம்" என்று என்னென்னவோ சொல்வார்கள். அதை விடுங்கள். அந்த மனையின் சர்வே எண் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் பின்னாலேயே வரும். அதற்காக எந்த ஆபீஸுக்கும் ஓட வேண்டாம். உங்கள் வீட்டுப் பத்திரத்தில் செக்குபந்தி என்று ஒரு பகுதி இருக்கும்: வடக்கில் யார் மனை, கிழக்கில் எந்த ரோடு என்று நான்கு எல்லைகளைச் சொல்வது. அந்த மனையை ஒட்டியிருக்கும் ஐந்தாறு வீட்டுப் பத்திரங்களைச் சேர்த்துப் படித்தால் சர்வே எண் கிடைத்துவிடும்.

சில சமயம் அதைவிடப் பெரிய பொருள் கிடைக்கும். எங்கள் தெருவில் ஒரு அம்மா பீரோவிலிருந்து எடுத்துவந்த பழைய கிரயப் பத்திரத்தில் "கிழக்கே மாமூல் வாய்க்காலுக்கு மேற்கு" என்று எழுதியிருந்தது. மாமூல் வாய்க்கால் என்றால் வழக்கமாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்த வாய்க்கால். பதிவு அலுவலக முத்திரையோடு. இருபது பேர் கூடிக் கத்துவதைவிட அந்த ஒரு வரிக்குக் கனம் அதிகம். பத்திரத்தை லேமினேட் செய்து வைத்திருந்தால் பரவாயில்லை. இல்லாவிட்டால் செல்லரிப்பதற்குள் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: வருவாய்த்துறைக் காகிதங்கள்

சர்வே எண் கையில் வந்ததும் மூன்று ஆவணங்களைப் பாருங்கள். தமிழக அரசின் நில ஆவண இணையச் சேவையில் வீட்டிலிருந்தே பெரும்பாலும் எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் இ-சேவை மையம் இருக்கிறது.

ஒன்று, 'அ' பதிவேடு. அந்தச் சர்வே எண் பட்டா நிலமா, அரசுப் புறம்போக்கா, நன்செய்யா, புன்செய்யா என்பது இதில் இருக்கும். இரண்டாவது, எஃப்.எம்.பி. எனப்படும் புல வரைபடம். மூன்றாவது, நகர சர்வே முடிந்த பகுதியாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல். அங்கே சர்வே எண் போய் வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர சர்வே எண்) என்று மாறியிருக்கும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பொருத்திப் பார்க்காமல் மனு எழுதி, "நீங்கள் சொல்லும் எண்ணில் அப்படி எதுவும் இல்லை" என்ற பதிலை வாங்கி வந்தவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

புல வரைபடத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு சர்வே எண்ணின் எல்லை, அதற்குள் உட்பிரிவுகள், ஒவ்வொரு கோட்டின் மேலும் மீட்டரில் நீளம், அவ்வளவுதான். நீங்கள் தேட வேண்டியது மனையின் குறுக்கேயோ ஓரத்திலேயோ பட்டையாகப் போகும் இரட்டைக் கோடு. அது வாய்க்காலாகவோ வண்டிப்பாதையாகவோ இருக்கும். அதற்குத் தனி உட்பிரிவு எண் இருந்தால் அந்த எண்ணை 'அ' பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். புறம்போக்கு என்றும் குறிப்புக் கலத்தில் வாய்க்கால், ஓடை, ஏரி, குட்டை என்றும் வந்தால் அது அரசு நிலம். அதன்மேல் மண் கொட்ட யாருக்கும் உரிமை இல்லை. நீர்நிலையை வேறு பயன்பாட்டுக்கு விடக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2001-லும், ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்பதை 2011-லும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற தமிழ்நாட்டிலேயே 2007-ல் தனிச் சட்டம் வந்தது.

தனி எண் இல்லாமல் பட்டா நிலத்துக்குள்ளேயே தண்ணீர் ஓடி வந்திருந்தால்? இதுதான் கடினமான இடம், கடலூரில் அடிக்கடி வருவதும் இதுதான். நெல் வயலாக இருந்தபோது வரப்பை வெட்டிவிட்டுத் தண்ணீர் போயிருக்கும். எந்த வரைபடத்திலும் இருக்காது. அப்போதும் கையை விரிக்க வேண்டியதில்லை. மேட்டு நிலத்தில் பெய்த மழைநீர் இயல்பாகப் பள்ளத்து நிலத்துக்கு வடிவதற்கு விட வேண்டும் என்பதை 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆவது பிரிவே உதாரணத்தோடு சொல்கிறது. அரசு நிலம் என்றால் தாசில்தார் வந்து அகற்றுவார். இது தனியார் உரிமை என்பதால் சிவில் கோர்ட்டு வரை போக வேண்டியிருக்கலாம். அதனால் இந்த நிலையில் பேசித் தீர்ப்பதுதான் நல்லது.

மூன்றாவது: டியூப் லெவலும் ஒரு கிழவியும்

காகிதத்தில் இல்லாததைத் தரையில் பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரியாவிலேயே வயதானவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அந்த மனையைச் சுற்றி நடங்கள். எங்களோடு வந்த பாட்டி ஒரு கருவேல மரத்தடியில் நின்று, "தம்பி, இங்கதான் நாங்க தொவைப்போம். ஐப்பசி வந்தா இடுப்பளவு ஓடும்" என்றார். கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டோம். தேதி தானாகப் பதிவாகும். அதை எடிட் செய்யாமல் வைத்திருங்கள்.

அடுத்து உயரம். கட்டட மேஸ்திரியிடம் இருக்கும் டியூப் லெவலைத் தெரியும்தானே, தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் நீளக் குழாய்? அவருக்கு அரை நாள் கூலி கொடுத்தால் போதும். ஒரு முனையை உங்கள் வீட்டு வாசற்படியில் பிடித்து, மறுமுனையை மனையின் வேலிக் கல்லில் பிடித்துத் தண்ணீர் மட்டத்தை சாக்பீஸால் குறியுங்கள். இப்போது தரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதை மார்க்கர் பேனாவால் எழுதிப் படம் எடுங்கள். மண் கொட்டிய பிறகு இதே இடத்தில் இதே குழாயை வைத்தால் எத்தனை அடி ஏற்றியிருக்கிறார்கள் என்பதை யாராலும் மறுக்க முடியாது. எஞ்சினீயர் ரிப்போர்ட் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் அது கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

ரோட்டையும் அளந்துவிடுங்கள். கட்டடத்தின் உயரமும் அனுமதிக்கப்படும் மொத்தத் தளப் பரப்பும் முன்னால் இருக்கும் சாலையின் அகலத்தைப் பொறுத்தது. விண்ணப்பத்தில் முப்பதடி ரோடு என்று காட்டியிருப்பார்கள்; நேரில் இரண்டு பக்கமும் படிக்கட்டும் சாக்கடை மூடியும் போக இருபதடி இருக்கும். தீயணைப்பு வண்டி திரும்புமா என்று உங்களுக்கே தெரியும். டேப்பைப் பிடித்தபடி படம் எடுங்கள். அந்தப் படிக்கட்டுகளில் நம்முடையதும் இருக்கலாம், அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் ஆக்கிரமிப்பைப் பற்றி மனு கொடுத்தவர் வீட்டு ரேம்ப்பைத்தான் முதலில் இடித்தார்கள் என்பது ஊர் அறிந்த கதை.

நான்காவது: என்ன அனுமதி வாங்கியிருக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் இப்போது நடைமுறையில் இருப்பது 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயர்மாடிக் கட்டடம். அதற்குள் இருந்தால் உயர்மாடி அல்லாத கட்டடம். பொதுவாக மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு தளப்பரப்பு கட்டலாம். கடலூரில் திட்ட அனுமதி நகர் ஊரமைப்புத் துறை வழியாகவும், கட்டட அனுமதி மாநகராட்சி வழியாகவும் வரும். கடலூர் 2021-ல்தான் மாநகராட்சி ஆனது, ஓரத்தில் இருக்கும் சில இடங்கள் இன்னும் ஊராட்சிதான். உங்கள் இடம் எதில் வருகிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பாகூர் பக்கம் எல்லை தாண்டிவிட்டால் கதையே வேறு. அது புதுச்சேரி, அங்கே 1969-ஆம் ஆண்டின் தனி நகரமைப்புச் சட்டம்.

500 சதுர மீட்டருக்கு மேல் நிலமோ எட்டுக்கு மேல் வீடுகளோ கொண்ட திட்டத்தை விற்கிறார்கள் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும். ஆணையத்தின் தளத்தில் அனுமதி எண், வரைபடம் எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பிளாட் வாங்குகிறவர்களுக்காக வந்த சட்டம்தான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு இதைவிடச் சுலபமான ஜன்னல் இல்லை.

அங்கே கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மழுப்பினாலோ முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கேட்கும் விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. "ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் "விளக்கம் கேட்க இயலாது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். நாங்கள் இரண்டாவது முறை எழுதியது இப்படி:

"... கிராமம், சர்வே எண் ... -ல் கட்டப்படும் கட்டடத்துக்கு வழங்கப்பட்ட திட்ட அனுமதி ஆணை, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், மனைக்காக நீர்வளத்துறை வழங்கிய வெள்ளத் தடையின்மைச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, தள ஆய்வு அறிக்கை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை வழங்கவும். மேற்படி கோப்பை நேரில் பார்வையிட ஒரு நாளும் நேரமும் குறித்துத் தரவும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கோப்பை நேரில் பார்க்க அனுமதித்தார்கள் என்றால் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும் குறிப்புகள் நிறைய சொல்லும்.

நீர்வளத்துறைச் சான்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தாழ்வான இடம், நீர்நிலைக்கு அருகில் என்றால் இந்தச் சான்று கேட்பார்கள். அந்தச் சான்றிலேயே மனையை இத்தனை மீட்டர் உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். புது வீட்டில் தண்ணீர் புகாமல் இருக்க அது சரிதான். அந்த மண் ஏறியதும் பக்கத்துப் பழைய தெரு பள்ளமாகிவிடுகிறது என்பதைச் சான்றில் யாரும் எழுதுவதில்லை. ஆனால் அதே சான்றில் வடிகால் இந்த அளவில் கட்டித் தர வேண்டும், இருக்கும் வாய்க்காலின் அகலத்தைக் குறைக்கக் கூடாது என்று வேறு நிபந்தனைகளும் இருக்கும். பெரும்பாலும் மண் கொட்டும் நிபந்தனை நிறைவேறும், வடிகால் நிபந்தனை நிறைவேறாது. உங்கள் மனுவின் முதுகெலும்பு அங்கேதான் இருக்கிறது.

ஐந்தாவது: தெருவைச் சேர்ப்பது

எல்லோரும் உங்கள் பக்கம் நிற்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அடுக்குமாடி வந்தால் மனை விலை ஏறும் என்று ஒருவர் கணக்குப் போடுவார். இன்னொருவர் அந்த சைட்டுக்கே செங்கல் சப்ளை செய்வார். மூன்றாமவர் மேட்டில் இருப்பதால் அவருக்குத் தண்ணீர் பிரச்சினையே கிடையாது. இவர்களிடம் சண்டைக்குப் போகாமல் எல்லோருக்கும் பொதுவான ஒன்றைப் பிடியுங்கள். எங்கள் தெருவில் அது லாரி. ராத்திரி பத்து மணிக்கு மேல் டிப்பர் ரிவர்ஸ் எடுக்கும் சத்தத்தை மேட்டில் இருப்பவரும் கேட்டாக வேண்டுமே. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலி அளவு 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் விதி.

குடியிருப்போர் நலச்சங்கம் இல்லாவிட்டால் ஏழு பேர் சேர்ந்தாலே பதிவு செய்யலாம். சங்கத்தின் பெயரில் போகும் கடிதத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

வாட்ஸ்அப் குழுவில் மட்டும் ஜாக்கிரதை. "அதிகாரி காசு வாங்கிவிட்டார்", "பில்டர் ஃபிராடு" என்று யாராவது போட்டால் அட்மின் உடனே அழிக்கட்டும். அவதூறு வழக்கு என்று ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தால் பாதிப் பேர் குழுவைவிட்டே போய்விடுவார்கள், வாய்க்கால் கதை அதோடு முடிந்துவிடும். எங்களுக்கு நோட்டீஸ் வரவில்லை. வரப்போகிறது என்ற வதந்தி வந்தபோதே பதினோரு பேர் லெஃப்ட்.

ஆறாவது: மனு யாரிடம்?

ஒரே மனுவில் பத்துக் குறை எழுதாதீர்கள். வாய்க்கால் அடைப்பு தாசில்தாருக்கும் நீர்வளத்துறைக்கும் போக வேண்டும். அனுமதியை மீறிக் கட்டுவது மாநகராட்சி ஆணையருக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும். வேலையை நிறுத்தவும் சீல் வைக்கவும் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. லாரி, சத்தம் என்றால் காவல் நிலையம். எல்லாவற்றின் நகலும் கலெக்டருக்கு.

திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்துக்குப் போகும்போது மனுவை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். மேலே சர்வே எண். அடுத்து, என்ன நடக்கிறது என்று மூன்று வரி. அடுத்து, கூட்டாக அளந்து காட்ட வேண்டும், அதுவரை மண் கொட்டுவதை நிறுத்த வேண்டும் என்று இரண்டே கோரிக்கை. பின்னால் புல வரைபடம், 'அ' பதிவேடு, படங்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். மறுநாள் அதே மனுவைப் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். பின்னால் எப்போதாவது கோர்ட்டுக்குப் போக நேர்ந்தால் "முன்பே முறையிட்டோம்" என்று காட்ட அந்தத் தபால் சீட்டுதான் சாட்சி.

ஊராட்சிப் பகுதி என்றால் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானப் புத்தகத்தில் உங்கள் தீர்மானம் எழுதப்படுகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். மாநகராட்சிக்குள் பகுதி சபை என்ற ஒன்று வந்திருக்கிறது. கவுன்சிலரைக் கேளுங்கள்.

நில அளவையர் வரும் நாள் முக்கியம். சொன்ன தேதியில் வராமல் மூன்று நாள் கழித்து மதியம் இரண்டு மணிக்கு வருவார். தெருவில் ஆண்கள் யாரும் இருக்க மாட்டார்கள். வீட்டில் இருக்கும் பெண்கள் நாலு பேருக்கு வரைபடத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுத்து வைத்தோம். "சார், இந்தக் கல்லுலேர்ந்து பன்னெண்டு மீட்டர் வரணும், நீங்க ஒன்பதுலயே நிக்கிறீங்களே" என்று எங்கள் எதிர்வீட்டு அக்கா கேட்டதும் அளப்பவர் திரும்பிப் போய்ச் சங்கிலியை மறுபடி பிடித்தார்.

ஏழாவது: பில்டரிடம் பேசுவது

இதைப் பலர் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை நின்றால் அவருக்கு வட்டி ஏறும். அதனால் உருப்படியான கோரிக்கைக்கு இறங்கி வருவார். ஆவணம் கையில் வந்த பிறகு போங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். மனையின் ஓரமாகத் தண்ணீர் போக இத்தனை அடி அகலத்தில் வடிகால், அதன் கீழ்முனை எங்கே சேர்கிறது, மழைநீர் உறைகிணறுகள் எத்தனை, கழிவுநீர் பாதாளச் சாக்கடைக்கா அல்லது லாரிக்கா, போர் (ஆழ்துளைக் கிணறு) எத்தனை அடி போடுகிறார், லாரி எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, அஸ்திவாரம் தோண்டும்போது பக்கத்துச் சுவர் விரிசல் விட்டால் யார் பொறுப்பு. கடைசியதற்காக உங்கள் சுவர்களை இப்போதே படம் எடுத்து வையுங்கள். பழைய விரிசலுக்கெல்லாம் பணம் கேட்கிறார்கள் என்று அவர் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. கடற்கரைப் பக்கம் என்றால் போர் கேள்வியை விடாதீர்கள். ஆழமாக உறிஞ்ச உறிஞ்ச உப்பு ஏறுவது தேவனாம்பட்டினம் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பேசி முடித்ததை லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு வாங்குங்கள்.

பெரிய திட்டம், தொழிற்சாலை என்றால்

மொத்தக் கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரை, அதாவது ஏறக்குறைய 2.15 லட்சம் சதுர அடியைத் தொட்டால் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். ஆனால் கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. "கூட்டம் போடாமல் எப்படி அனுமதி?" என்று மனு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். சுற்றுச்சூழல் அனுமதிக்கான அரசு இணையதளமான பரிவேஷில் விண்ணப்பத்தை எடுத்துப் படித்து, மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு எழுத்தில் ஆட்சேபணை அனுப்புங்கள்.

ரசாயன ஆலை போன்ற தொழில் திட்டங்களுக்குக் கூட்டம் உண்டு. சிப்காட் தொழிற்பேட்டை வளாகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழும் குடிகாடு போன்ற ஊர்க்காரர்களுக்கு இது பழகிய விஷயம். முப்பது நாள் முன்னதாகப் பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும். கலெக்டரோ அவர் சார்பில் வருபவரோ தலைமை தாங்குவார். தமிழ்ச் சுருக்க அறிக்கை முன்கூட்டியே பார்க்கக் கிடைக்க வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கணக்கு இல்லை. அதனால் புறக்கணித்துவிட்டு வெளியே கோஷம் போட்டால் உள்ளே "ஆட்சேபணை இல்லை" என்று பதிவாகிவிடும். உள்ளே போய்ப் பேசுங்கள், பேசியதை எழுத்திலும் கொடுங்கள். கடைசியில் கூட்டக் குறிப்பைத் தமிழில் படித்துக் காட்டுவார்கள், அதுவரை எழுந்து வராதீர்கள்.

கடலோரம், ஆற்றுமுகம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் மனை எங்கே விழுகிறது என்று பாருங்கள். அலை ஏறி வரும் ஆற்றோரங்களும் அதில் அடங்கும். உப்பனாற்றுக் கரையில் மனை வாங்குகிற பலருக்கே இது தெரிவதில்லை.

கோர்ட்டு

சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் வழிகாட்டி போதாது, வக்கீல் வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்ப்பதென்றால் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு. தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் வரை. நீர்நிலை அழிப்பு போன்றவற்றுக்கு, பிரச்சினை முதலில் தொடங்கியதிலிருந்து ஆறு மாதத்துக்குள் அங்கே மனு போட வேண்டும். மண் கொட்டிய சித்திரையிலிருந்து ஆவணி வரை நாங்கள் பேசிக்கொண்டிருந்தோமே, அதிலேயே அந்த ஆறு மாதத்தில் நாலு மாதம் போய்விட்டது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு இன்னொரு வழி; கடலூருக்கு அது சென்னைதான், மதுரை அல்ல. பணம் இல்லாதவர்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு கோர்ட்டு வளாகத்திலேயே இருக்கிறது.

கட்டி முடித்துவிட்டார்கள் என்றாலும் ஒரு கதவு மிச்சம். பெரிய கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்று இல்லாமல் மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு கிடைக்காது. அந்தச் சான்று கொடுப்பதற்கு முன் வடிகால் நிபந்தனை நிறைவேறியதா என்று பார்க்கச் சொல்லி மனு கொடுங்கள். எங்களுக்குப் பலித்தது இதுதான். கட்டடம் எழும்பி, பெயின்ட்டும் அடித்த பிறகு, காம்பவுண்ட் சுவருக்கு அடியில் இரண்டடி விட்டத்தில் குழாய் பதித்துக் கொடுத்தார்கள். வாய்க்கால் இருந்த அகலத்துக்கு அது பாதிகூட இல்லை. ஒவ்வொரு புரட்டாசிக் கடைசியிலும் நாங்கள் நாலு பேர் மண்வெட்டியோடு போய் அதன் வாயில் அடைத்திருக்கும் பிளாஸ்டிக்கை வாருகிறோம். யார் சுத்தம் செய்ய வேண்டும் என்று பில்டரின் கடிதத்தில் எழுதி வாங்க மறந்துவிட்டோம்.